பூக்காத ஆண்டுகளில் குறிஞ்சியை அறிதல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளில் நீலக்குறிஞ்சி பூத்திருக்கும்போது அதை அடையாளம் காணத் தாவரவியல் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. சரிவு முழுவதும் பரவிக் கிடக்கும் நீலமே அதற்குப் போதும். ஆனால் ஒரு குறிஞ்சிச் செடி தன் பன்னிரண்டாண்டு வாழ்நாளில் சில வாரங்கள் மட்டுமே பூவோடு நிற்கிறது. மற்றக் காலமெல்லாம் புல்லுக்கு நடுவே பச்சைப் புதராக, கண்ணில் பட்டாலும் கருத்தில் படாத பல செடிகளுள் ஒன்றாக வளர்கிறது. அந்தப் புல்வெளி உழப்படுவதும், அதில் சீகை மரம் ஊன்றப்படுவதும், சாலை வெட்டப்படுவதும் பெரும்பாலும் இந்தப் பச்சை ஆண்டுகளில்தான் நிகழ்கின்றன. ஆகவே குறிஞ்சியை அறிதல் என்பது அதன் பூவை அறிவதோடு முடிவதில்லை. இலை, தண்டு, அது வேர்கொள்ளும் நிலம், அதை நாடி வரும் தேனீ ஆகியவற்றையும் சேர்த்து அறிந்தால்தான் பூக்காத ஆண்டிலும் அதை இனங்காண முடியும்.

பேரினமும் சிற்றினமும்

நீலக்குறிஞ்சியின் அறிவியல் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. இது ஆடாதோடை, கனகாம்பரம், நீர்முள்ளி ஆகியவை அடங்கிய அக்கேந்தேசி குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்னும் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதியில், ஏறத்தாழ 400 சிற்றினங்கள் உள்ளன. வெப்பமண்டல ஆசியாவின் மலைகளில் பரவியிருக்கும் இவற்றுள் பல மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் நடுமலைகளிலும் மட்டுமே காணப்படுபவை. இவ்வாறு ஒரு நிலப்பகுதியைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத உயிரினங்களை ஓரிட வாழ்விகள் என்பர். நீலக்குறிஞ்சியும் தென்மேற்கு இந்தியாவின் மலைகளுக்கு மட்டுமே உரிய ஓரிட வாழ்வி.

இப்பேரினத்தின் சிற்றினங்கள் பல தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் வகைப்பாட்டியலாளர்களும் நெடுங்காலம் தடுமாறினர். டச்சுத் தாவரவியலாளர் பிரெமெகாம்ப் 1944இல் மகரந்தத் துகள்களின் அமைப்பை முதன்மையாகக் கொண்டு இப்பேரினத்தைப் பல சிறு பேரினங்களாகப் பிரித்தார். அப்பிரிப்பில் நீலக்குறிஞ்சி ஃபிளெபோஃபில்லம் என்னும் வேறொரு பேரினத்தின் கீழ் வைக்கப்பட்டது. அவ்வாறு பிரித்த பேரினங்களின் எல்லைகள் உறுதியாக நில்லாததால் பின்வந்த ஆய்வாளர்கள் அவற்றை மீண்டும் ஸ்ட்ரோபிலாந்தஸுக்குள் ஒன்றுசேர்த்தனர். பழைய தாவர நூல்களிலும் உலர்தாவர ஏடுகளிலும் இரண்டு பெயர்களும் காணப்படுவது இதனால்தான்.

‘குறிஞ்சி பூத்துவிட்டது’ என்று ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஏதாவதொரு மலையிலிருந்து செய்தி வருவதற்கும் இந்த ஒற்றுமையே ஒரு காரணம். பேரினத்தின் சில சிற்றினங்கள் ஆண்டுதோறும் பூப்பவை. வேறு சில தத்தமக்குரிய இடைவெளிகளில் பூப்பவை. மகாராஷ்டிர மலைகளில் ‘கார்வி’ என வழங்கும் ஸ்ட்ரோபிலாந்தஸ் கல்லோசா எட்டாண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. காஸ் பீடபூமியில் கவிழ்த்த கூடை போன்ற புதராக வளரும் ‘டோப்லி கார்வி’ ஏழாண்டு இடைவெளி கொண்டது. ஜப்பானின் ஒகினாவா தீவில் வளரும் ஸ்ட்ரோபிலாந்தஸ் ஃபிளெக்சிகாலிஸ் ஆறாண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. எனவே நீலநிறமோ கூட்டமாகப் பூப்பதோ மட்டும் நீலக்குறிஞ்சியை உறுதிசெய்யப் போதிய சான்றாகாது.

பூவில்லாச் செடியின் அடையாளங்கள்

அக்கேந்தேசி குடும்பத்துக்குரிய பொது அடையாளங்களிலிருந்து தொடங்குவது முறை. இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். இலைக்காம்படியில் சிறு செதில் போன்ற இலையடிச்செதில் இராது. இளந்தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் நாற்கோணமாக இருக்கும். காய்ந்த இலையை உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் பரப்பில் குறுகிய வெண்கோடுகள் தென்படும். இவை இலையின் செல்களுக்குள் கால்சியம் கார்பனேட் படிந்து உண்டான சிஸ்டோலித்துகள். இவை எல்லா அக்கேந்தேசிச் செடிகளிலும் இல்லையெனினும், ஸ்ட்ரோபிலாந்தஸ் உள்ளிட்ட பெரும்பிரிவில் தவறாமல் காணப்படுகின்றன.

இந்தப் பொது அடையாளங்களுக்குப் பின் நீலக்குறிஞ்சிக்கே உரியவற்றைத் தேட வேண்டும். அதன் இலை தடித்து, நீள்வட்டமாக, விளிம்பில் சிறு பற்களோடு அமைந்தது; நடுநரம்பிலிருந்து இருபுறமும் பிரியும் பக்க நரம்புகள் மேற்பரப்பில் பள்ளமாகவும் அடிப்பரப்பில் புடைத்தும் தெளிவாகத் தெரியும். இலையின் அடிப்பரப்பை நெருக்கமான வெளிர்நிற மென்மயிர் போர்த்தியிருக்கிறது. சோலைக்காட்டின் நிழலில் வளரும் உறவினச் செடிகள் பலவற்றின் இலைகள் அகன்று, மெலிந்து, மயிர் குறைந்து காணப்படுவதால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறுபாடு எளிதில் விளங்கும். வெயிலும் காற்றும் உறைபனியும் மாறிமாறித் தாக்கும் திறந்த வெளியில் தடித்த இலையும் மயிர்ப்போர்வையும் நீரிழப்பைக் குறைக்கின்றன. ஆகவே இவை அடையாளக் குறிகள் மட்டுமல்ல, செடியின் வாழிடத்தைச் சொல்லும் சான்றுகளுமாகும்.

செடியின் உயரம் நம்பத்தக்க அடையாளமன்று. காற்று ஓயாது வீசும் முகட்டில் முழங்காலளவே வளரும் அதே சிற்றினம், காற்று மறைந்த பள்ளத்தில் ஆளுயரத்தையும் எட்டக்கூடும். வயதுக்கேற்பவும் உயரம் மாறும். ஆனால் ஓரிடத்துச் செடிகள் ஏறக்குறைய ஒரே அளவினவாக நிற்பது கவனிக்கத்தக்கது. ஒரே பருவத்தில் முளைத்த ஒரே தலைமுறை என்பதால் அவற்றுக்குள் மூத்ததும் இளையதும் இல்லை. புல்வெளியில் ஒரே அளவிலான தடித்த இலைப் புதர்கள் நெருக்கமாக நிற்குமானால், பூ இல்லாவிடினும் அது குறிஞ்சித் தலைமுறையாக இருக்கும் வாய்ப்பு மிகுதி.

சங்கப் புலவர்களும் இச்செடியின் பூவை மட்டும் பார்க்கவில்லை. குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார் குறிஞ்சியின் கரிய தண்டையும், அதன் பூவிலிருந்து மிகுதியான தேன் உருவாவதையும் ஒருசேரக் குறிப்பிடுகிறார். தண்டும் தேனும் இன்றைய களப்பணியாளருக்கும் துணைநிற்கும் இரு குறிப்புகளாகும்.

பூவின் அமைப்பு

பூக்கும் ஆண்டில் கிளை நுனிகளிலும் இலைக்கக்கங்களிலும் கதிர் மஞ்சரிகள் தோன்றுகின்றன. காம்பற்ற பூக்கள் ஒரே அச்சில் நெருங்கி அமைந்த தொகுதியே கதிர் மஞ்சரி எனப்படும். ஒவ்வொரு பூவையும் கீழிருந்து தாங்கும் பூவடிச்செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருப்பதால் மொட்டுப் பருவத்தில் கதிர் ஊசியிலை மரக் கூம்பைப் போலத் தோன்றும். அல்லிவட்டம், அதாவது நிறமுள்ள இதழ்களின் தொகுதி, அடியில் குழலாக இணைந்து மேலே மணி வடிவில் விரிந்து ஐந்து மடல்களாகப் பிரிகிறது. புதிதாக மலர்ந்த பூ வெளிர்நீலமாகவும், முதிர முதிர ஊதா கலந்த நீலமாகவும் காணப்படுகிறது.

குழலின் உட்புறத்தில் இரு வரிசைகளாக அமைந்த மென்மயிர்கள் சூல்தண்டைத் தம்மிடையே பிடித்துவைத்திருப்பது ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் தனிக்கூறுகளுள் ஒன்று. சூல்தண்டு என்பது மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியைச் சூலகத்தோடு இணைக்கும் மெல்லிய தண்டு. மேற்புறமாக நிலைநிறுத்தப்படும் அது, குழலுக்குள் நுழையும் பூச்சியின் முதுகில் உரசும் வாய்ப்பைப் பெறுகிறது. மகரந்தத்தாள்கள் சில சிற்றினங்களில் நான்காகவும் சிலவற்றில் இரண்டாகவும் இருப்பதால், ஐயம் எழும்போது ஒரு பூவைப் பிளந்து அவற்றை எண்ணிப் பார்த்துத் தாவர நூலின் விளக்கத்தோடு ஒப்பிடுவது வழக்கம். பழனி மலைக்குக் கே. எம். மேத்யூ தொகுத்து 1999இல் வெளிவந்த தாவர நூல் இத்தகைய ஒப்பீட்டுக்குப் பெரிதும் பயன்படுகிறது.

கனி உலர்ந்து வெடிக்கும் வகையைச் சேர்ந்தது. அதனுள் நான்கு விதைகளுக்கு மேல் இருப்பதில்லை. விதைகளைத் தாங்கும் கொக்கி போன்ற உறுப்புகள், கனி காய்ந்து இரண்டாகப் பிளக்கும்போது நெம்புகோலாகச் செயற்பட்டு விதைகளைத் தெறிக்கவிடுகின்றன. விதை தாய்ச்செடியை விட்டு நெடுந்தொலைவு போவதில்லை. ஒரு சரிவிலிருந்து முற்றிலும் அழிந்துவிட்ட குறிஞ்சி, அடுத்த மலையிலிருந்து தானாக வந்து சேர்வது அரிதாவதற்கு இதுவே காரணம்.

புல்வெளியும் சோலையும்

நீலக்குறிஞ்சி ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் வளர்கிறது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, மூணாற்றைச் சூழ்ந்த மலைகள் ஆகியவை அதன் முதன்மையான இருப்பிடங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏற்காட்டில் மட்டும் ஒரு தனித்த கூட்டம் உள்ளது. இம்மலைகளின் மேற்பகுதிகளில் மடிப்புகளையும் நீரோடைகளையும் ஒட்டிக் குட்டையான பசுமைமாறாக் காடுகள் நிற்க, அவற்றுக்கு இடைப்பட்ட சரிவுகளையும் முகடுகளையும் புல் மூடியிருக்கிறது. அந்தக் காடுகளே சோலைகள். சோலையும் புல்வெளியும் கூர்மையான எல்லையோடு மாறிமாறி அமைந்த இந்நிலத்தில் குறிஞ்சி புல்வெளிப் பகுதியையே தனக்குரியதாகக் கொண்டுள்ளது.

புல்வெளி என்பது மரம் வெட்டப்பட்டதால் உண்டான வெற்றிடம் என்னும் எண்ணம் குடியேற்ற ஆட்சிக் காலத்திலிருந்து நெடுநாள் நிலவியது. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த மட்கிய தாவர எச்சங்களைக் கார்பன் ஐசோடோப்புகளின் வழி ஆராய்ந்த சுகுமார் குழுவினரின் 1993ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு மாறான சித்திரத்தைத் தந்தது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் ஒளிச்சேர்க்கையில் கார்பனை வெவ்வேறு வகையில் ஈர்த்துக்கொள்வதால், எச்சத்திலுள்ள ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு எக்காலத்தில் எது ஓங்கியிருந்தது என அறியலாம். அக்கணக்கின்படி நீலகிரியின் புல்வெளிகள் ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. காலநிலைக்கேற்பச் சோலையும் புல்லும் முன்னேறியும் பின்வாங்கியும் வந்துள்ளன. குளிர்கால இரவுகளில் திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மரங்களின் நாற்றுகளைக் கருக்கிவிடுவதும் இவ்வெல்லை நிலைத்திருக்க ஒரு காரணம்.

நீலத்தை நாடும் தேனீ

தேனீயின் கண் புறஊதா, நீலம், பச்சை ஆகிய மூன்று அலைநீளப் பகுதிகளை உணர்வது. மனிதக் கண்ணுக்குப் பளிச்சிடும் சிவப்பு அதற்கு ஏறக்குறைய கருமையே. நீலக்குறிஞ்சி வளரும் அதே புல்வெளியின் ஓரங்களில் நிற்கும் காட்டுப்பூவரசின் சிவந்த பூக்களைப் பறவைகள் மிகுதியாக நாட, குறிஞ்சியின் நீலப் பூக்களைத் தேனீக்கள் மொய்ப்பது இவ்வேறுபாட்டோடு பொருந்துகிறது. 2006ஆம் ஆண்டின் பெரும்பூப்பின்போது சர்மா, குரியகோஸ், சிவண்ணா ஆகியோர் மேற்கொண்டு 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஏபிஸ் செரானா இண்டிகா எனப்படும் இந்தியத் தேனீயே குறிஞ்சியின் முதன்மையான மகரந்தச் சேர்ப்பி எனக் காட்டியது. பூ தேனையும் மகரந்தத்தையும் கூலியாகத் தர, அதற்கு ஈடாகத் தேனீ ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொரு செடிக்குக் கொண்டுசேர்க்கிறது.

அந்தச் சேவை குறிஞ்சிக்கு இன்றியமையாதது. ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் சூல்முடியில் விழுந்தால் கருவுறுதலைத் தடுக்கும் தன்ஒவ்வாமை இச்சிற்றினத்தில் வலுவாக உள்ளதையும் அவ்வாய்வு பதிவுசெய்தது. தன் மகரந்தம் பயன்படாதபோது விதை உண்டாவதற்கு இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: அருகில் வேறொரு செடி அதே நாள்களில் பூத்திருக்க வேண்டும், இரண்டுக்குமிடையே சென்றுவரத் தேனீ இருக்க வேண்டும். கூட்டமாகப் பூத்தல் முதல் நிபந்தனையை நிறைவேற்றுகிறது. முறை தவறித் தனியே பூக்கும் ஒரு செடி எவ்வளவு தேன் சுரந்தாலும் அதற்கு விதைப்பயன் குறைவு.

இரண்டாம் நிபந்தனை சற்றுச் சிக்கலானது. ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான பூக்கள் மலர்ந்தால் அவற்றுக்குப் போதிய தேனீக்கள் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுகிறது. தனித்து வாழும் வண்டோ ஈயோ தான் கண்ட இரையிடத்தைப் பிறவற்றுக்கு அறிவிப்பதில்லை. கூட்டாக வாழும் தேனீயோ பூக்களின் திசையையும் தொலைவையும் தன் ஆட்டத்தின் வழியே கூட்டிலுள்ளவற்றுக்குத் தெரிவிக்கிறது. இதைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரு சரிவு பூத்தவுடன் ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்களை அங்குத் திருப்பிவிட இத்தகைய சமூகப் பூச்சியாலேயே இயலும்.

ஆனால் அத்தேனீக்கள் குறிஞ்சியின் பூக்காத பதினோராண்டுகளிலும் உயிர்வாழ வேண்டும். இந்தியத் தேனீ மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் கூடு கட்டுவது. மரமற்ற புல்வெளியில் அதற்குப் பொந்து இல்லை, சோலையில்தான் உண்டு. ஆண்டின் வெவ்வேறு பருவங்களில் பூக்கும் நாவல் இன மரங்களும், சோலையோரத்துக் காசித்தும்பை இனங்களும், ஆண்டுதோறும் பூக்கும் பிற செடிகளும் அதற்கு உணவு தருகின்றன. புல்வெளியை வேலியிட்டுக் காத்துவிட்டுச் சோலையைக் கைவிட்டால் குறிஞ்சி பூக்கக்கூடும், விதைப்பது ஐயமே.

பன்னிரண்டாண்டுக் கணக்கு

நீலக்குறிஞ்சியின் பெரும்பூப்பு 1838இலிருந்து பதிவாகி வருகிறது. அக்கணக்கின் அண்மைய பூப்பு 2018இல் மூணாறுப் பகுதியில் நிகழ்ந்தது. எல்லா மலைகளும் ஒரே கணக்கில் நடப்பதில்லை. இடுக்கி மாவட்டத்துக் கள்ளிப்பாறையில் 2022இலும், நீலகிரியின் சில சரிவுகளில் 2024இலும் குறிஞ்சி பூத்தது. ஒவ்வொரு கூட்டமும் தனக்குள் ஒத்திசைந்தும், பிற கூட்டங்களோடு வேறுபட்டும் இருப்பதால் ஓரிடத்தின் பூப்பாண்டை அவ்விடத்தின் பழைய பதிவுகளைக் கொண்டே கணிக்க வேண்டும்.

பூத்து விதைத்ததும் செடி மடிந்துவிடுகிறது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை இனம்பெருக்கும் இவ்வியல்பு மூங்கிலிலும் உண்டு. இத்தகைய தாவரங்கள் ஏன் இவ்வளவு காலம் காத்திருந்து ஒருசேரப் பூக்கின்றன என்பதற்கு அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1976இல் மூங்கிலை முன்வைத்து ஒரு விளக்கம் தந்தார். ஆண்டுதோறும் சிறிதளவு விதை உதிர்ந்தால் எலியும் பறவையும் பூச்சியும் அனைத்தையும் உண்டுவிடும். பல ஆண்டுகள் ஒன்றுமே தராமல் விதையுண்ணிகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருந்து, பின் ஒரே சமயத்தில் அவற்றால் தின்று தீர்க்க முடியாத அளவு விதையைக் கொட்டினால் எஞ்சியவை முளைக்கும். இலங்கையின் ஹோட்டன் சமவெளியில் ‘நெலு’ என வழங்கும் ஸ்ட்ரோபிலாந்தஸ் செடிகள் விதைக்கும் காலத்தில் இலங்கைக் காட்டுக்கோழிகள் திரண்டுவந்து அவ்விதைகளைத் தின்பது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி; விதையுண்ணிகளின் அழுத்தம் கற்பனையன்று என்பதற்கு அது சான்று. கனிக்கு நான்கு விதை மட்டுமே தரும் குறிஞ்சி, பூக்களின் பெருக்கத்தாலேயே இந்த எண்ணிக்கைப் போட்டியில் வெல்கிறது. எனவே தேனீயை ஈர்ப்பதற்கும், அயல் மகரந்தம் பெறுவதற்கும், விதையைக் காப்பதற்கும் கூட்டப்பூப்பு என்னும் ஒரே உத்தி துணைபுரிகிறது.

எதைக் காப்பது

ஒருசேரப் பூப்பதன் வலிமையே அதன் பலவீனமுமாகும். ஒரு கூட்டத்தின் செடிகள் எல்லாம் ஒரே வயதின என்பதால், நாற்றுப் பருவத்தில் ஒரு தீயோ ஓர் உழவோ நேர்ந்தால் முழுத் தலைமுறையே அழிகிறது. அடுத்த ஆண்டில் அந்த இழப்பை ஈடுகட்டப் பூக்கும் செடி அங்கு இராது. இத்தகைய சிற்றினத்துக்கு நேர்ந்த நிலமாற்றம் சிறிதன்று. பழனி மலையின் புல்வெளிகளைச் செயற்கைக்கோள் படங்களின் வழி ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, நாற்பதாண்டுக் காலத்தில் அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாகவும் வேளாண் நிலமாகவும் மாறிவிட்டதைக் காட்டியது. தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை, நட்ட இடத்தோடு நில்லாமல் தானாகவும் பரவிப் புல்லை நிழலால் மூடுகிறது. வெயில் வேண்டும் குறிஞ்சி அந்நிழலில் நிலைப்பதில்லை.

இதற்கு எதிரான முயற்சிகளும் உண்டு. கேரள அரசு 2006இல் இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, கொட்டக்கம்பூர்ப் பகுதிகளில் 32 சதுர கிலோமீட்டர் பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவித்தது. வரையாட்டின் புகலிடமாகிய இரவிகுளம் தேசியப் பூங்காவும் குறிஞ்சிப் புல்வெளிகளைக் காத்துவருகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024இல் நீலக்குறிஞ்சியைத் தன் செம்பட்டியலில் ‘அழியக்கூடியது’ என்னும் நிலையில் சேர்த்தது. அம்மதிப்பீட்டில் இச்சிற்றினத்தின் 34 துணைக்கூட்டங்கள் கணக்கில் கொள்ளப்பட்டன.

மூணாற்றில் 2030இல் பூக்கவேண்டிய செடிகள் 2018 பூப்பின் விதைகளிலிருந்து முளைத்து இப்போதே புல்வெளியில் நிற்கின்றன; அவற்றின் எண்ணிக்கையை இனி எந்தத் திட்டத்தாலும் கூட்ட முடியாது, குறையாமல் காக்க மட்டுமே முடியும். ஆகவே பூப்பாண்டில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் பூப்பறிப்பைத் தடுப்பதும் தேவையான பணிகளேயாயினும், குறிஞ்சிக்கான உண்மையான கணக்கெடுப்பு பச்சை ஆண்டுகளில் நடைபெற வேண்டும். தடித்த இலையையும் அதன் அடியிலுள்ள மயிர்ப்போர்வையையும் கண்டு ஒரு தலைமுறையை இனங்கண்டு, அது நிற்கும் புல்வெளியையும் அதன் தேனீக்கள் தங்கும் சோலையையும் ஒரே எல்லைக்குள் வரைபடத்தில் குறித்துக்கொண்டால்தான், ஒரு சாலைக்கோ தோட்டத்துக்கோ அனுமதி கேட்கப்படும்போது அந்நிலத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு விடை சொல்ல முடியும்.